சீலிங்கில் ஒரு ஜோடி பூட்ஸ்

வெஸ்லர், நெப்ராஸ்கா
பிப்ரவரி 11, 2019

கேலன்,

நாலு தெரு தள்ளி இருக்கிற தம்பிக்குத் தபால்தலை ஒட்டி எழுத வேண்டியிருக்கிறது. தபால் நிலையத்தில் டோரிஸ் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை நானே போற வழியில அவன் கடையில குடுத்துடுறேனே லோரெட்டா" என்றாள். "காசு வாங்கினேல்ல, முத்திரையைக் குத்து" என்றேன். இந்நேரம் ஊருக்கே தெரிந்திருக்கும்.

போன் செய்யலாம்தான். உன் குரல் கேட்டால் வைத்துவிடுவேன். அதனால்தான் எழுத்து.

பள்ளி மாவட்டத்து அறிக்கை எங்கள் வீட்டுக்கும் வந்தது. 'நம் நிதிநிலையும் நம் கட்டடங்களும்: ஊர் மக்களுக்கு ஒரு தகவல்' என்று போட்டு, பள்ளிக் குழுத் தலைவர் கேலன் வொஸ் என்று கீழே உன் கையெழுத்து. எல்டன் பிரிக்காமலே அடுப்பு பற்றவைக்கிற கூடையில் போட்டார். அவர் மாட்டுக் கொட்டகைக்குப் போனதும் எடுத்துப் படித்தேன். முதல் பக்கத்தில் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அடுத்ததில் ஒரு வட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டி, பணம் எங்கே போகிறது என்று காட்டியிருக்கிறீர்கள். பத்தாவதோடு நின்றவளுக்கு அதெல்லாம் பிடிபடாது. கடைசிப் பக்கம் பிடிபட்டது. வரியைக் கூட்டிப் பள்ளியைப் புதுப்பிக்க நவம்பரில் நடந்த கடன் பத்திர வாக்கெடுப்பு தோற்றதால் பழைய கட்டடத்தைப் பழுதுபார்க்க வழியில்லை, மே மாதத்தோடு பள்ளியை மூடுகிறோம், பிள்ளைகள் கார்வெல் பள்ளிக்குப் போவார்கள், கோடையில் கட்டடம் இடிக்கப்படும்.

இடித்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும். என் மகள் ஜோலீனுடைய சீலிங் பலகை.

சாப்பாட்டறைக்குப் போகிற நடையில், கதவுக்கு நேர் மேலே இருக்கிறது. கடைசி வருஷப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பலகையைக் கழற்றி, வரைந்து, திரும்ப மாட்டுவது உனக்குத் தெரியாததா? நீயும் ஒன்று வரைந்தாயே, அது மீனா, பன்றியா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாமல். பெற்றவர்கள் அதைப் பட்டமளிப்பு இரவில்தான் பார்க்க வேண்டும், அதுவரை மூச்சு விடக்கூடாது என்பதும் தெரியும். அவள்தான் பொறுக்காமல் அந்த அக்டோபரில் எனக்கு மட்டும் காட்டினாள். ஒரு ஜோடி பூட்ஸின் அடிப்பாகம். யாரோ மேல்மாடியில் கண்ணாடித் தரையில் நிற்பதைக் கீழே இருந்து பார்ப்பதுபோல. எல்டனின் பூட்ஸ். இடது குதிகாலில் வேலிக் கம்பி கிழித்த வெட்டு உட்பட.

"பேரு எழுதலையா?" என்றேன்.

"அம்மா, இந்தக் குதிகாலைப் பாத்தா அப்பாவுக்குத் தெரியாதா? சாப்பாட்டு வரிசையில நிக்கிறவன் எல்லாம் அப்பா மிதிச்சிடுவாரோன்னு பயப்படணும். நீ சொல்லிடாத. அவரே அண்ணாந்து பாக்கணும்."

அடுத்த பிப்ரவரியில் கார்வெல் சாலையில் பனியில் அவள் வண்டி சறுக்கியது, அவள் வீடு திரும்பவில்லை. மே மாதப் பட்டமளிப்புக்கு நாங்கள் போகவில்லை. அதற்கப்புறம் எல்டன் அந்தக் கட்டடத்துக்குள் கால் வைத்தது ஒரே ஒரு தடவை. போன அக்டோபர், வாக்கு கேட்டு நீ போட்ட கூட்டத்துக்கு. கூட்டம் முடிந்ததும் அவரை அந்த நடைக்கு அழைத்துக்கொண்டு போவதாக இருந்தேன். அதற்காகத்தான் அவரை வற்புறுத்திக் கூட்டி வந்தேன், வரியைப் பற்றிச் சண்டை போட அல்ல. ஒரு கதவு தாண்டினால் போதும். அதற்குள் நீ அந்த வார்த்தையைச் சொன்னாய்.

பலகையை மட்டும் கொடு. வீட்டுச் சமையலறையில் மாட்டிக்கொள்கிறேன். பதிலை வீட்டுக்குப் போடாதே. நான் வேலை பார்க்கிற முதியோர் இல்லச் சமையலறைக்குப் போடு, என் பேருக்கு.

லோரெட்டா


பிப்ரவரி 16

அன்புள்ள அக்கா,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் கடையைச் சாத்திவிட்டேன். பின்னால் ஆணிப் பெட்டிமேல் உட்கார்ந்து படித்தேன். வெளியே யாரோ கதவைத் தட்டி, "செத்துட்டியா வொஸ்? ஒரு குழாய் வேணும்!" என்று கத்திவிட்டுப் போனான்.

அந்த வார்த்தை. நான் அதைத் தினமும் கேட்கிறேன். உடற்பயிற்சிக் கூடம் நிறைய ஜனம், கையில் சில்லிக் குழம்புக் கிண்ணம், பட்டை போட்ட இனிப்பு ரொட்டி. அத்தான் எழுந்து, "கேலன், உன் கடையில ஆணி வித்தாலும் உனக்கு லாபம், அடிச்சாலும் உனக்கு லாபம். என் நிலம் வளருமா, வரியைக் கூட்டக் கூட்ட?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சூடேறிவிட்டது. "அத்தான், இது பிள்ளைங்க இருக்கிறவங்க விஷயம். உங்களுக்குத்தான் இப்ப ஸ்கூல்ல யாரும் இல்லையே." வாயிலிருந்து விழுந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. பிள்ளை படிப்பை முடித்துவிட்ட எல்லாருக்கும் சொல்கிற பதிலைத்தான் அவருக்கும் சொல்லிவிட்டேன். அவர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் போனார். தொப்பியை நாற்காலியிலேயே விட்டுவிட்டார். அது என்னிடம் இருக்கிறது. எப்படிக் கொடுப்பது என்று தெரியவில்லை.

பலகை உனக்குத்தான் அக்கா. அதில் பேச்சே இல்லை. ஆனால் ஒரு சங்கடம். தலைவரே தன் வீட்டுக்கு முதலில் எடுத்துக்கொண்டார் என்று பேச்சு வரக்கூடாது. நாற்பது வருஷத்துப் பிள்ளைகளின் பலகைகள் அங்கே இருக்கின்றன. மார்ச் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டு, கேட்கிற எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே நாளில் கொடுக்கிறோம். அன்றைக்கு ஏணியில் முதல் ஆள் நீதான்.

நேற்றுப் போய்ப் பார்த்தேன். பத்திரமாக இருக்கிறது. பக்கத்துப் பலகைவரை ஒழுகின கறை வந்திருக்கிறது, கீழே வாளி வைத்திருக்கிறோம். கூரைக்கு இனிமேல் செலவு செய்வதில்லை என்று முடிவாகிவிட்டது. கவலைப்படாதே, இன்னும் எட்டவில்லை.

பூட்ஸ் யாருடையது என்று எனக்கும் தெரியாது, உன் கடிதம் பார்க்கும்வரை. அந்த வரிசையில் நின்று நானும் சிரித்திருக்கிறேன்.

கேலன்


மார்ச் 3

கேலன்,

தொப்பியை வைத்துக்கொள். அவர் கேட்கவில்லை. இப்போது விதைக் கம்பெனிக்காரன் இலவசமாகக் கொடுத்த பச்சைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு திரிகிறார், பார்க்கச் சகிக்கவில்லை.

நான் சனிக்கிழமை உள்ளே போனேன். துப்புரவு பார்க்கிற ஹோமரிடம், "பாத்திரம் மறந்து வச்சுட்டேன்" என்றேன். "எந்த வருஷத்துல மறந்த?" என்று கேட்டுவிட்டுத் திறந்துவிட்டான். வாளியைப் பார்த்தேன். டக், டக் என்று விழுந்துகொண்டிருந்தது. கறை ஓரம் தேநீர்க் கோப்பை வைத்த மாதிரி பழுப்பாக, பக்கத்துப் பலகையில் யாரோ வரைந்த குதிரையின் பாதியைத் தின்றுவிட்டது. பூட்ஸ் நன்றாக இருந்தன. அடியில் ஒட்டின சேற்றைக்கூட வரைந்திருக்கிறாள் கேலன், நடுவே ஒரு சோளத் தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை நான் முன்பு கவனிக்கவில்லை.

ஏணி அங்கேயே சாத்தியிருந்தது. "ரெண்டே நிமிஷம் ஹோமர், கழட்டிக் குடு" என்றேன். அவன் பாவம், "வொஸ் தீர்மானம் போடணும்கிறாரே லோரெட்டா, என் வேலை போயிடும்" என்றான். மே மாதம் எப்படியும் போகப்போகிற வேலை. இருந்தாலும் நான் வற்புறுத்தவில்லை.

வீட்டுச் சமையலறையில் குளிர்பெட்டிக்கு மேலே இடம் அளந்துவிட்டேன். சுவரில் மாட்டப்போவதில்லை. அங்கேயும் சீலிங்கில்தான். எல்டன் காலையில் காப்பி குடிக்கும்போது நாற்காலியைப் பின்னுக்குச் சாய்த்து அண்ணாந்துதான் உட்காருவார். ஒன்றும் சொல்லமாட்டேன். அவராகப் பார்க்கட்டும். இந்த ரெண்டு வருஷத்தில் அவர் என்னிடம் பேசின பேச்சு எல்லாம் மாடு, மழை, மாத்திரை. அவள் பேரை அவர் வாயால் ஒரு தடவை கேட்டால் போதும் எனக்கு.

கூட்டம் என்றைக்கு?

லோரெட்டா


மார்ச் 22

அன்புள்ள அக்கா,

இதை எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து, கடைசியில் இப்படியே அனுப்புகிறேன்.

பலகைகளைக் கொடுக்க முடியாது. யாருக்கும்.

கட்டடத்தை இடிக்கும் முன் எல்லாவற்றையும் சோதிக்க வேண்டும் என்பது சட்டம். ஆய்வுக்காரர்கள் அந்த நடையின் சீலிங்கில் ஓரத்தைக் கிள்ளி அனுப்பினார்கள். ஆஸ்பெஸ்டாஸ், அதன் தூசு நுரையீரலுக்குள் போனால் ஆளைக் கொல்லும். நம்மிடம் இருந்த பழைய காகிதத்தில் அந்தச் சீலிங் எண்பதுகளிலேயே மாற்றப்பட்டுவிட்டது என்று இருந்தது. மற்ற நடைகளில் மாற்றியிருக்கிறார்கள். இந்த ஒன்றை மட்டும், பிள்ளைகள் வரைந்த படங்கள் போய்விடுமே என்று அந்தக் காலத்துக் குழு பிரியப்பட்டு விட்டுவைத்திருக்கிறது. அதைக் காகிதத்தில் எழுதவில்லை. அப்புறம் வருஷா வருஷம் அதையே கழற்றிக் கொடுத்து, "வரைங்கடா" என்று சொல்லியிருக்கிறோம். நானும் தேய்த்து வழவழப்பாக்கி வரைந்தேன். முகமெல்லாம் வெள்ளைத் தூசு, நீதான் துணியால் துடைத்துவிட்டாய்.

வியாழக்கிழமையே நடையின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் ஒட்டி மூடிவிட்டார்கள். பிள்ளைகள் உடற்பயிற்சிக் கூடத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். உள்ளே போக முகமூடியும் உரிமமும் வேண்டும். எனக்கே அனுமதியில்லை. கழற்றுகிற ஒவ்வொன்றும் ரெட்டைப் பையில் கட்டி மண்ணுக்குள் போக வேண்டும். பள்ளிக் கண்காணிப்பாளரிடம் கெஞ்சினேன், வக்கீலிடம் கேட்டேன். "ஒண்ணு வெளிய போனாலும் பள்ளி மாவட்டம் திவாலாகும் மிஸ்டர் வொஸ்" என்றார். ஏற்கெனவே ஆனதுதானே என்றேன். அவர் சிரிக்கவில்லை.

வாக்கெடுப்பு மட்டும் ஜெயித்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. பழைய சீலிங்கைத் தொடுவதாகவே திட்டமில்லை. செலவு மிச்சம் என்று அதை அப்படியே விட்டுவிட்டு, அதற்குக் கீழே வெள்ளையாகப் புதுசு ஒன்றைத் தொங்கவிடுவதாக இருந்தோம். கூரையும் புதுசு. கிளறாமல் மூடி வைத்தால் ஆஸ்பெஸ்டாஸ் ஒன்றும் செய்யாதாம், சட்டமே அனுமதிக்கிறது. புதுசில் ஒரு பலகையை நகர்த்தினால் பழையதைப் பார்த்துக்கொள்ளலாம். கட்டடம் நிற்கும்வரை இருந்திருக்கும்.

பிப்ரவரியில் உன் கடிதம் வந்த அன்றே நான் ஏணி போட்டிருக்க வேண்டும் அக்கா.

கேலன்


மார்ச் 27

கேலன்,

ஒன்று மட்டும் கேட்கிறேன். தெளிவாகப் பதில் சொல்.

வாக்கெடுப்புக்கு முன்னால் வீட்டுக்கு வீடு ஒரு படம் அனுப்பினீர்கள். புதுப்பித்த பிறகு பள்ளி எப்படி இருக்கும் என்று. அதில் சாப்பாட்டறை நடை இருந்தது. சீலிங் பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. ஒரு படம் கிடையாது, ஒரு நிறம் கிடையாது.

எல்டன் வாசலில் 'வேண்டாம்' பலகை நட்டது வரிக்காக. நான் வாக்குச்சீட்டில் 'வேண்டாம்' வட்டத்தைக் கறுப்பாக்கியது வரிக்காக அல்ல, அவர் சொல்லியும் அல்ல. அந்த வெள்ளையைப் பார்த்துத்தான். எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். உன்னோடு பேச்சு இருந்திருந்தால் உன்னிடமே கேட்டிருப்பேன்.

வேண்டும் என்று போட்டிருந்தால் அவள் பலகை இருந்திருக்குமா?

லோரெட்டா


மார்ச் 30

அக்கா,

இருந்திருக்காது. நிச்சயமாக இருந்திருக்காது. போன கடிதத்தில் அவசரத்தில் தப்பாக எழுதிவிட்டேன்.

முதலாவது, வேலை ஆரம்பித்ததுமே ஆஸ்பெஸ்டாஸ் தெரிந்திருக்கும், அப்போதும் கழற்றத்தான் சொல்லியிருப்பார்கள். இரண்டாவது, கட்டடக் கலைஞர் கடைசியில் திட்டத்தையே மாற்றிவிட்டார், அந்த நடையே இல்லை, அங்கே கழிப்பறை. மூன்றாவது, கறை எப்படியும் வந்திருக்கும், கூரை வேலை முடிய ஒரு வருஷமாவது ஆகும். அதனால் நீ எப்படிப் போட்டிருந்தாலும் முடிவு ஒன்றுதான். மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே.

கேலன்


ஏப்ரல் 14

கேலன்,

உனக்கு ஏழு வயதில் அப்பாவின் லாரிக் கண்ணாடி உடைந்தது. ஆலங்கட்டி விழுந்தது என்றாய். அப்புறம் ஒரு பருந்து வந்து மோதியது என்றாய். அப்புறம் எதிர்வீட்டு ராய் கல் எறிந்தான் என்றாய். அப்பா சிரித்துக்கொண்டே பெல்ட்டைக் கழற்றினார். "ஒரு காரணம் சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்டா" என்றார்.

நீ பொய் சொன்னதற்காக எனக்குக் கோபமில்லை. நீ இவ்வளவு கஷ்டப்பட்டு எனக்காக ஒன்று செய்து ரொம்ப நாளாயிற்று.

ஆனால் என் ஒரு வாக்கு என்ன செய்துவிடும் என்று மட்டும் ஆறுதல் சொல்லாதே. நான் ஒரு வாக்கு அல்ல. அந்தப் படத்தை இல்லத்துச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்திருந்தேன். பார்க்க வந்த பெண்களிடம் எல்லாம், "பாருங்க, நம்ம பிள்ளைங்க வரைஞ்சதை எல்லாம் குப்பையில போடப்போறாங்க" என்றேன். ஷெர்லியின் பையன் பலகை அங்கே இருக்கிறது, அவன் ராணுவத்தில் இருக்கிறான். வில்மாவின் மூன்று பெண்களும் வரைந்திருக்கிறார்கள். எல்லாரும் தலையாட்டினார்கள். வரிக்காக எதிர்த்தவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. சீலிங்குக்காக எதிர்த்தவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர், அது எனக்குத் தெரியும். நீங்கள் எத்தனை ஞாயிற்றுக்கிழமை சில்லி காய்ச்சி ஊற்றியும், வட்டம் போட்டுக் காட்டியும், அந்த வெள்ளைக்கு மேலே என்ன இருக்கும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஷெர்லி போன வாரம், "நாம காப்பாத்தினோமே அதெல்லாம், அதுங்களுக்கு என்னாச்சு லோரெட்டா?" என்று கேட்டாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன், நல்லவேளை.

நீ நல்லவன்தான் கேலன். ஆனால் நல்லவனாக இருக்க ஒரு மாதம் எடுத்துக்கொண்டாய். ஏணி சாத்தியே இருந்தது.

உள்ளே போகிறவன் எவனையாவது பிடித்து ஒரு போட்டோ எடுக்கச் சொல். பூட்ஸ் மட்டும் தெரிந்தால் போதும். பெரிதாக அச்சடித்து அவர் தலைக்கு மேலே ஒட்டிவிடுகிறேன். அதற்குமா சட்டம் இருக்கிறது?

லோரெட்டா


ஜூன் 9

அன்புள்ள அக்கா,

போட்டோ உள்ளே வைத்திருக்கிறேன். முதலில் இதைப் படி, அப்புறம் பார்.

ஏப்ரலில் இருந்து கேட்டேன். காப்பீட்டுக்காரன், ஒப்பந்தக்காரன், மாநில அலுவலகம் என்று ஒருத்தன் இன்னொருத்தனைக் கை காட்டினான். வேலை தொடங்கிய அன்றுதான் மேற்பார்வைக்கு வந்த ஆள் ஒருவன் சரி என்றான். லின்கன் பக்கத்து ஆள், தங்கமானவன். "சாப்பாட்டறைக் கதவுக்கு நேர் மேல, பூட்ஸ் படம் போட்டது" என்று நானே காகிதத்தில் வரைந்து கொடுத்தேன். அவன் வெளியே வந்து முகமூடியைக் கழற்றி, "பூட்ஸ் எதுவும் இல்லைங்க. நீங்க சொன்ன இடத்துல இதுதான் இருக்கு" என்று காட்டினான்.

ஏப்ரல், மே மழை உனக்குத் தெரியும். மூடிய பிறகு வாளி மாற்ற உள்ளே ஆள் போகவில்லை. அதோடு, தூசு கிளம்பாமல் இருக்க, கழற்றும் முன் எல்லாவற்றையும் தண்ணீர் பீய்ச்சி நனைக்கிறார்கள். அதற்கப்புறம் எடுத்த படம் இது, வெறும் பழுப்புக் கறை. நான் ரொம்ப நேரம் பார்த்தேன். சில சமயம் இடது பக்கம் ஒரு விளிம்பு தெரிகிற மாதிரி இருக்கிறது.

வேலிக்கு வெளியே நின்று பைகள் போவதைப் பார்த்தேன். ஒரே மாதிரி பைகள். எது எது என்று தெரியாது. ஷெர்லி வந்திருந்தாள், வில்மா வந்திருந்தாள். ஹோமர் பக்கத்தில் வந்து, "உன் மீன் போகுது பாரு வொஸ்" என்றான். சிரிக்கத்தான் சொன்னான், பாவம்.

குழுவிலிருந்து விலகிவிட்டேன். விலகவும் குழுவில் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. ஆகஸ்டில் என் பையன்கள் இரண்டு பேரும் கார்வெல் பஸ் ஏறுவார்கள். இருட்டில் ஏறி இருட்டில் இறங்க வேண்டியிருக்கும், குளிர்காலத்தில், அதே சாலையில். உன்னிடம் இதைச் சொல்லக்கூடாதுதான். வேறு யாரிடம் சொல்வேன்.

நான் அத்தானிடம் வந்து நேரில் எல்லாவற்றையும் சொல்லட்டுமா? பூட்ஸைப் பற்றி, அவள் என்ன நினைத்து வரைந்தாள் என்பதைப் பற்றி. தொப்பியும் கொண்டுவருகிறேன். அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன். ஒரு வார்த்தை எழுது.

கேலன்


ஜூன் 20

கேலன்,

வராதே.

போட்டோவை இல்லத்துச் சமையலறையில் வைத்தே பிரித்திருக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எப்படியாவது அவருக்குக் காட்டி, இது இன்னது என்று வாயாலேயே சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அவரே பார்க்கட்டும் என்றுதான் ஜோலீன் சொன்னாள், சொல்லக்கூடாது என்றாள், ஆனால் இனிமேல் வேறு வழி என்ன? மேஜைமேல் வைத்துவிட்டு எப்படி ஆரம்பிப்பது என்று காப்பி ஊற்றிக்கொண்டே யோசித்தேன். அதற்குள் அவரே எடுத்துவிட்டார்.

"என்னது இது?"

"ஸ்கூல் சீலிங்கு. கேலன் அனுப்பினான்."

தம்பி பேரைச் சொன்னதற்கு ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம். ஒருவேளை அந்தக் குதிகால் வெட்டு அவருக்குத் தெரிகிறதோ என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்தது கேலன். தெரிந்ததா, தெரிய வேண்டும் என்று நான் நினைத்தேனா, அது வேறு விஷயம்.

"ஒழுகியிருக்கு பாரு" என்றார். "மேல ஒரு தகடு அடிச்சிருந்தா முடிஞ்சிருக்கும். இதைக் காட்டித்தான் ஊரைச் சுரண்டப் பாத்தானா உன் தம்பி?"

எவ்வளவோ சொல்ல இருந்தது. வாசலில் நட்ட பலகை இன்னும் கொட்டகையில் சாய்ந்து நிற்கிறது, அதன் பின்பக்கத்தில் முட்டை விலை எழுதி வைத்திருக்கிறார். உன் மகள் உன் பூட்ஸை வரைந்தாள், நீயும் நானும் சேர்ந்து அதைக் குப்பையில் போட்டோம் என்று சொன்னால், அந்த மனுஷன் அப்புறம் எதைப் போட்டுக்கொண்டு வயலுக்குப் போவார்?

"ஆமா" என்றேன். "இதுக்குத்தான்."

அவர் போட்டோவை அடுப்புக் கூடையில் போட்டார். நான் எடுக்கவில்லை.

அவரிடம் நீ எதையும் சொல்லாதே. வழியில் பார்த்தால் மழையைப் பற்றிப் பேசு. தொப்பியைக் கடையிலேயே எங்காவது மாட்டிவை, கேட்டால் பார்க்கலாம், கேட்கமாட்டார். இந்த ஊரில் அந்தப் பூட்ஸைப் பற்றித் தெரிந்தது உனக்கும் எனக்கும்தான். ஹோமர் மறந்துவிடுவான்.

உன் பையன்களுக்குப் பையில் போர்வை ஒன்று எப்போதும் போட்டு வை. பனிக்காலத்தில் பஸ்காரன் வேகமாகப் போனால் அவனைத் திட்டு, தயங்காதே, உன் குழுத் தலைவர் மரியாதை எல்லாம் போயாயிற்று.

இன்று காலையில் அவர் வாசல் படியில் உட்கார்ந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார். இடது காலைத் தூக்கி முழங்கால்மேல் போட்டுக்கொண்டு கயிறு கட்டினார், அடிப்பாகம் என்னைப் பார்த்து இருந்தது. வெட்டு அப்படியே இருக்கிறது, சேறு அடைத்துக்கொண்டு.

"தேஞ்சு போச்சே, புதுசு வாங்கலாமா?" என்றேன்.

காலைத் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கென்ன? நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

லோரெட்டா